இயந்திர உலகம்: வல்லை வெளியில் நிற்கும் கார்

சென்ற இரு வாரங்களும் பழைய மோட்டார்க் கார்களின் பற்றறியைப் பற்றியும் டைனமோவைப் பற்றியும் இப்பகுதியில் எழுதினோம். அவற்றைப் படித்து அன்பர்கள் வரைந்த கடிதங்களுள், வடமராட்சியிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவர் எழுதியது தனியே விடையிறுக்கத் தக்கதாய் இருக்கிறது.

அவர் வீட்டில் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒன்று உண்டு. பாட்டனார் வாங்கியது, இன்று தகப்பனார் ஓட்டுவது. காலையில் முதற் சுழற்சியிலேயே உயிர்த்துவிடும். பருத்தித்துறைப் பக்கமிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டு, வல்லை வெளியில் சோழகக் காற்றுக்கு முகங்கொடுத்ததும் இருமத் தொடங்கும். சிறிது தூரத்தில் நின்றுவிடும். அரை மணி நேரம் பொறுத்தால் ஒன்றும் நடவாதது போல மீண்டும் ஓடும். மூன்று மாதத்தில் நான்கு பிளக்குகளும் மாற்றியாயிற்று. கார்பரேற்றரை இருமுறை கழற்றிக் கழுவியாயிற்று. பெற்றோல் பம்பும் புதியது. இப்பொழுது கராச்சில், இயந்திரத்தையே இறக்கிவிட்டு வேறொன்று பூட்டவேண்டும், அல்லது வந்த விலைக்கு வண்டியைக் கொடுத்துவிடவேண்டும் என்கிறார்களாம். தமக்கையின் திருமணச் செலவு எதிரே நிற்பதால் வீட்டிலும் இரு கட்சி. “அப்பா மட்டும் ஒன்றும் சொல்லுகிறாரில்லை” என்று தம்பி எழுதுகிறார்.

செலவழித்த காசு முழுவதும் பெற்றோல் வரும் வழியிலேயே போயிருக்கிறது. பிளக்குகள் தவிர, பொறி வரும் வழியை ஒருவரும் பார்த்ததாகக் கடிதத்திலே இல்லை. “பொயின்ற் இடைவெளியை அளந்தார்கள், சரியாக இருந்தது” என்ற ஒரு வரி மட்டும் உண்டு. அந்த ஒரு வரியே எமக்கு ஐயத்தைத் தருகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

மாணவர்களின் பொருட்டு முதலில் இதன் தத்துவத்தைக் கூறுவோம். மைக்கல் பரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டலே இங்கு வேலை செய்வது. கொயிலினுள்ளே தடித்த கம்பிச் சுற்று ஒன்றும், மயிர் போன்ற மெல்லிய கம்பிச் சுற்று ஒன்றும் இருக்கின்றன. தடித்த சுற்றிலே பற்றறியின் 12 வோல்ற்று மின்னோட்டம் ஓடி ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அவ்வோட்டத்தைத் திடீரென அறுத்தால் புலம் குலைகிறது. குலையும் வேகத்தினால் மெல்லிய சுற்றிலே பல்லாயிரம் வோல்ற்று எழுந்து பிளக்கின் நுனியிற் பொறியாகப் பாய்கிறது. ஓட்டத்தை வேளையறிந்து அறுத்துவிடும் கத்திரியே டிஸ்றிபியூட்டரினுள் இருக்கும் பொயின்ற் எனும் தொடுமுனைகள். இம்முறையை 1910ஆம் ஆண்டளவில் கடிலக் கார்களிற் கொண்டுவந்தவர் அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றறிங். அதன் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகத்துக் கார்களிற் பெரும்பாலானவை இதனாலேயே ஓடின. 1973இல் கிறைஸ்லர் நிறுவனம் அமெரிக்காவில் தான் செய்த கார்கள் யாவற்றுக்கும் இலத்திரன் முறையைப் பூட்டியது. மற்றவர்களும் அவ்வழியே சென்றனர்.

தொடுமுனைகளின் உழைப்பை ஒரு கணக்காற் காணலாம். மைனர் 1000, உயர் கியரில் மணிக்கு 30 மைல் ஓடும்போது இயந்திரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 தரம் சுழல்கிறது. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரு சுழற்சிக்கு இரண்டு பொறி வேண்டும். ஆகவே நிமிடத்துக்கு 4,000 தரம் முனைகள் திறந்து மூடுகின்றன. ஒரு மைலுக்கு 8,000. வடமராட்சியிலிருந்து யாழ்ப்பாணம் வரை இருபது மைலுக்கு 1,60,000. இத்தனை தரமும் அவை விலகவேண்டிய தூரமோ ஓரங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பாகம், அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர். விரல் நகத்தின் கனம் என்று கொள்ளலாம்.

வெட்டப்படும் மின்னோட்டம் இலகுவில் அடங்குவதன்று. ஓடிவரும் வண்டியை உடனே நிறுத்த முடியாதது போல, கொயிலில் ஓடும் மின்னும் முனைகள் விலகிய பின்பும் அவ்விடைவெளியைத் தாவி ஓடவே முயலும். தாவினால் இரு கேடு: முனைகள் எரியும், புலம் மெல்லக் குலைவதால் பிளக்கிற் பொறி வலுவிழக்கும். இதைத் தடுப்பதற்கே கண்டென்சர் இருக்கிறது. பாடநூல்களில் இதனைக் கொள்ளளவி என்பர். சுண்டு விரற் பருமனுள்ள தகரக் குழாய், 0.2 மைக்கிரோபரட்டு அளவினது. முனைகள் விலகும் கணத்தில் மின்னைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. கார்கள் பிறப்பதற்கு வெகு முன்னரே, 1853இல், பிசோ என்ற பிரெஞ்சு அறிஞர் தூண்டற் சுருளுக்கு இதனைச் சேர்த்துக் காட்டினார். சில கராச்சுகளில் முனைகளுக்கிடையே பெரும் பொறி பறப்பதைக் காட்டி, “பாருங்கள், நல்ல கரண்ட் வருகிறது” என்று மெச்சுவார்கள். அது மெச்சத்தக்கதன்று, கண்டென்சர் தன் கடமையைச் செய்யவில்லை என்பதற்கு அடையாளம்.

இனித் தம்பியின் காருக்கு வருவோம். ஏன் வல்லை வெளியில்? எதிர்க்காற்றிலே வேகத்தைக் காக்க அக்சிலரேற்றரை அழுத்துகிறோம், சிலிண்டருக்குள் கலவை நிறைந்து புகுகிறது, அழுத்தம் கூடுகிறது. அடர்ந்த வாயுவினூடே பொறி பாய்வதற்கு அதிக வோல்ற்று வேண்டும். வீட்டு வாசலில் வெறுமனே உறுமும்போது போதுமாயிருந்த பொறி, சுமை ஏறியதும் போதாமற் போகிறது. அதனோடு இயந்திரமும் சூடேறுகிறது. நோயுற்ற கண்டென்சரும் கொயிலும் குளிரில் ஒழுங்காயிருந்து, சூட்டிலே கைவிடுவது வழக்கம். ஆறினால் திரும்பவும் வேலை செய்யும். பெற்றோல் குழாயில் ஆவி கட்டிக்கொண்டாலும் இதே குறிகள் தோன்றும் என்பது உண்மை. எனவேதான் கராச்சுக்காரர்களை நாம் முற்றாகக் குறை கூறமாட்டோம். ஆனால் இரண்டில் எது என்று அறிய மூன்று மாதம் வேண்டியதில்லை. வண்டி நின்ற முதல் இரண்டு நிமிடம் போதும். கட்டி இழுத்துக் கராச்சுக்குக் கொண்டுபோகும்போது சூடு ஆறி நோய் ஒளித்துக்கொள்கிறது. ஆரோக்கியமாய் நிற்கும் வண்டியைச் சோதித்தால் எதையாவது மாற்றத்தான் தோன்றும்.

ஆதலால் தம்பி செய்யவேண்டியது இது. வண்டியில் ஒரு திருப்புளி, காய்ந்த துணி, இரு கம்பி பொருத்திய 12 வோல்ற்றுச் சிறு மின்குமிழ் ஆகியவற்றை வைத்திருக்கவும். அடுத்த முறை நின்றவுடன், ஆறவிடாமல் பொனற்றைத் திறக்கவும். கியரை நடுநிலையில் விட்டு, கைத்தடையை இழுத்து, சால்வை, சேலைத் தலைப்பு, சிறு பிள்ளைகள் யாவற்றையும் காற்றாடியிலிருந்து தள்ளி வைத்து, பெற்றோல் மணம் வீசினால் அது அடங்கும் வரை பொறுத்து, அதன் பின்னரே தொடங்கவேண்டும்.

டிஸ்றிபியூட்டர் மூடியைத் திறந்து, கைபிடியால் இயந்திரத்தை மெல்லச் சுழற்றி, முனைகள் மூடியிருக்கும்படி நிறுத்துக. மின்குமிழின் ஒரு கம்பியைக் கொயிலிலிருந்து டிஸ்றிபியூட்டருக்கு வரும் மெல்லிய கம்பியின் ஆணியிலும், மற்றதை இயந்திரத்தின் வெறும் இரும்பிலும் தொடுவித்துச் சாவியைத் திருப்புக. மின்குமிழ் எரியக்கூடாது. விரலால் முனைகளைத் திறந்தால் எரியவேண்டும். திறந்தும் எரியாவிட்டால், மின் கொயிலைக் கடந்து வரவில்லை, அல்லது வந்த மின் உள்ளேயே எங்கோ இரும்பைத் தொட்டு ஓடுகிறது. மூடியிருக்கும்போதும் மங்கலாக எரிந்தால் முனைகளின் முகம் கரிந்தோ, எண்ணெய் படிந்தோ மின்னைத் தடுக்கின்றது. வோல்ற்றுமானி உள்ளவர்கள் இதனை நுண்மையாக அறியலாம்: மூடிய முனைகளுக்குக் குறுக்கே 0.2 வோல்ற்றுக்கு மேற் காட்டினால் முனைகளோ, அவற்றைத் தாங்கும் தட்டோ, நிலத்தொடுப்போ பழுது.

மின்குமிழ் ஒழுங்காக எரிந்து அணைந்தால், மூடியின் நடுவே வரும் தடித்த கம்பியைக் கழற்றி, காய்ந்த துணியை நன்கு சுற்றி அல்லது மரத்துண்டாற் கவ்விப் பிடித்து, அதன் நுனியை இயந்திர இரும்பிலிருந்து கால் அங்குலத்தில் நிறுத்தி, முனைகளைத் திருப்புளியின் மரப்பிடியால் விரைவாகத் திறக்கவும். வெறுங்கை வேண்டாம், அடி பலமாயிருக்கும். நீலநிறமான தடித்த பொறி சடக்கெனப் பாய்ந்தால், பொறி பிறக்கும் வழியிற் பெரும் குற்றமில்லை. அதன் பின் றோட்டரையும் மூடியையும் பார்க்கலாம், பெற்றோல் வழியையும் சந்தேகிக்கலாம். மஞ்சள் நிறமாய் மெலிந்த பொறி வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ, கண்டென்சர் அல்லது கொயில். இரண்டையும் பிரித்தறியும் வழி எளிது. நல்லதென்று அறிந்த இன்னொரு கண்டென்சரை, பழையதைத் துண்டித்துவிட்டு, அதன் இடத்திலே தற்காலிகமாகத் தொடுத்துப் பார்க்க. பொறி தடித்தால் விடை கிடைத்துவிட்டது. கண்டென்சர் மலிவு; கொயில் அப்படியன்று. மலிவானதை முதலிற் சோதிப்பது எம் ஊராருக்குச் சொல்லித் தரவேண்டிய பாடமன்று.

“இடைவெளி சரியாக இருந்தது” என்ற அந்த வரிக்கு வருவோம். தொடுமுனைகள் தங்குதன் என்னும் கடினமான உலோகத்தாற் செய்யப்பட்டவை. நன்றாய் உழைக்கும் முனைகளின் முகம், தேய்த்த கண்ணாடி போல ஒரே சீராய்ச் சாம்பல் நிறத்தில் இருக்கும். அது பளபளக்கவேண்டியதில்லை. நீலம் பாய்ந்து கரிந்திருந்தால் மிகுதியாகச் சூடேறியிருக்கின்றன. முனைகளின் கீழே தட்டில் கரிய கோடு படிந்திருந்தால் எண்ணெயோ கிரீசோ ஏறி எரிந்திருக்கிறது. ஒரு முனையிலே குழியும் எதிர் முனையிலே கூம்பிய மேடும் தோன்றினால், உலோகம் ஒன்றிலிருந்து மற்றதற்கு இடம்பெயர்கிறது. சிறிதளவு இடம்பெயர்தல் இயல்பே. குறுகிய காலத்தில் மேடு உயர்ந்துவிட்டால் கண்டென்சரின் அளவு அக்கொயிலுக்குப் பொருந்தவில்லை என்று ஐயுறலாம்.

மேடும் குழியுமான முனைகளில் பீலர் கேஜ் எனும் அளவுத் தகடு பொய் சொல்லும். தகடு தட்டையானது. அது ஒரு பக்கம் மேட்டின் உச்சியிலும் மறுபக்கம் குழியின் விளிம்பிலும் தங்குகிறது. குழியின் ஆழத்தை அறியாது. 15 என்று அது சொல்லும்போது மெய்யான இடைவெளி இருபதுக்கு மேலும் இருக்கலாம். இடைவெளி கூடினால் முனைகள் மூடியிருக்கும் நேரம் குறைகிறது. கொயில் நிரம்புவதற்குள் மின் வெட்டப்படுகிறது. விரைவு கூடக்கூடப் பொறி மெலிகிறது. அத்துடன் பொறி விழும் வேளையும் முந்திவிடுகிறது. எதிர்மாறாக, காமில் உராயும் பைபர் குதி தேய்ந்து இடைவெளி குறுகினால் பொறி பிந்துகிறது; வண்டி சோர்ந்து ஓடும், சூடேறும். ஆகவேதான் இடைவெளியைத் திருத்திய பின்னரே வேளையைத் திருத்தவேண்டும். முன்பின்னாகச் செய்தால் இரண்டும் வீண்.

இக்குறையில்லாத அளவு ஒன்று உண்டு. முனைகள் மூடியிருக்கும் கோணத்தை மானியால் அளப்பது அது. நான்கு சிலிண்டர்க் காரில் ஒவ்வொரு பொறிக்கும் காம் 90 பாகை சுழல்கிறது. இந்த மைனரிலுள்ள லூக்காஸ் டிஸ்றிபியூட்டரில் அதில் 60 பாகை, மூன்று கூடியோ குறைந்தோ, முனைகள் மூடியிருக்கவேண்டும். மானியின் ஊசி ஓரிடத்தில் நில்லாமல் அலைந்தால், தண்டின் பித்தளைப் புஷ் தேய்ந்து தண்டு ஆடுகிறது என்று பொருள். மூடியைக் கழற்றித் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தாலே தெரியும். ஆடும் தண்டுக்குப் புது முனை பூட்டுவது ஈரச் சுவருக்கு வெள்ளை அடிப்பது போன்றது.

இன்னொன்று எளிதிற் கண்ணுக்குத் தப்பும். முனைகள் பூட்டிய மேல்தட்டு, வெற்றிடக் குடுவையால் இழுக்கப்பட்டு இருபுறமும் அசைவது. அத்தட்டை நிலத்தொடுக்கும் சிறு பின்னற் கம்பியும், முனைக்கு மின் கொண்டுவரும் கம்பியும் அசைந்து அசைந்து உறைக்குள்ளேயே அறுந்துவிடும். நின்ற வண்டியில் தொட்டுக்கொண்டிருக்கும். அக்சிலரேற்றரை அழுத்தித் தளர்த்துகையில் விலகும். கடிதத்திலே சொல்லப்பட்ட இருமலுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். உறையோடு பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்க. இறப்பர் போல நீண்டால் உள்ளே கம்பி இல்லை.

யாழ்ப்பாணக் கார்களுக்கே உரிய மற்றொரு வினாவும் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் குடாநாட்டின் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பெரியோர் மறந்திரார். கார்பரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் இயந்திரத்தில் ‘நொக்’ அடிக்கும். அதை அடக்கப் பொறியைப் பிந்த வைத்தாகவேண்டும். ஊசிமுனை உதிரிப்பாகமும் கிடையாத அந்நாளில், எரிந்த முனைகளை அரத்தால் தேய்த்துத் தேய்த்து ஆண்டுக்கணக்கில் ஓடவைத்த கைகளுக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் 2002இல் ஏ-9 வீதி திறந்து பெற்றோல் தாராளமாய் வந்த பிறகு, டிஸ்றிபியூட்டரை யாராவது மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பி வைத்தார்களா? தகப்பனாரிடம் கேட்டுப் பார்க்கலாம். அவர் பேசாதிருக்கும் வீட்டில் பேச்சைத் தொடங்க இது நல்ல வினா.

புது முனைகள் வாங்குவோர்க்குச் சில சொற்கள். பெட்டியில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்பவேண்டாம். பழைய கார்களுக்கென்று இக்காலத்திற் செய்து வரும் கண்டென்சர்களில் சில, வாங்கிய மாதத்திலேயே கைவிடுகின்றன. முனையை மாற்றும்போது நன்றாயிருக்கும் பழைய கண்டென்சரையும் வழக்கத்துக்காக எறிந்துவிடுவதை நாம் ஒப்புவதில்லை. புது முனைகளில் துருவைத் தடுக்கப் பூசிய பசை இருக்கும். பெற்றோல் தொட்ட துணியால் துடைத்த பின்பே பூட்டவேண்டும். கம்பிகளின் கண்ணிகள் முனையின் வில்லைத் தொடவேண்டும், நிலத்தொடுத்த ஆணியைத் தொடக்கூடாது. அதற்காகவே பைபர் வளையங்கள் உண்டு. கழற்றும்போது எந்த வளையம் எதன் மேல் இருந்தது என்று ஒரு தாளில் வரைந்துகொள்க. ஒன்று இடம் மாறினாலும் பொறி இல்லை.

முனைகளை நீக்கிவிட்டு இலத்திரன் பெட்டி ஒன்றை அதே மூடிக்குள் அடக்கிக்கொள்ளும் வழியும் இன்று உண்டு. நாளெல்லாம் ஓடும் வாடகைக் காருக்கு அது தகும். ஆனால் முனைகள் சாகுமுன் பல நாள் இருமிக் காட்டும். பெட்டியோ சொல்லாமற் போகும், தெருவில் நின்று திருத்தவும் இயலாது. மேலும் மைனர் போன்ற அக்கால ஆங்கிலக் கார்களிற் பற்றறியின் நேர்முனையே நிலத்தொடுக்கப்பட்டிருக்கும். அதை அறியாமல் மறுவகைக்குரிய பெட்டியைப் பூட்டினால் சாவி திருப்பிய கணமே அது கெட்டுப்போகும்.

பராமரிப்பு அதிகமில்லை. 3,000 மைலுக்கு ஒரு முறை மூடியைத் திறந்து, றோட்டரை இழுத்தெடுத்து, அதன் கீழே தெரியும் திருகாணியின் மேல் இரண்டு மூன்று துளி மெல்லிய எண்ணெய் விடுக. திருகாணியைக் கழற்றவேண்டாம், எண்ணெய் இறங்க வழி இருக்கிறது. காமில் வசலீனை விரல் நுனியால் தடவியும் தடவாமலும் பூசுக. அது இல்லாவிட்டால் குதி தேயும். மிகுந்தால் முனையில் தெறிக்கும். புது முனை பூட்டினால் 500 மைலில் ஒரு தரம் மீண்டும் அளக்கவேண்டும், குதி காமில் படியும்போது இடைவெளி குறுகும் ஆதலால். இயந்திரம் ஓடாமல் சாவியைத் திறந்தபடி விட்டுச் செல்லும் பழக்கத்தை வீட்டிலுள்ள அனைவரும் விடவேண்டும். முனைகள் மூடிய நிலையில் நின்றிருந்தால் கொயில் வீணே வெந்துகொண்டிருக்கும்.

தம்பிக்கு ஒரு வேண்டுகோள். வண்டியை விலைபேச ஆள் வருமுன் மேற்சொன்ன சோதனையைச் செய்து, பொறியின் நிறம், முனைகளின் முகம், வேறு கண்டென்சர் தொடுத்தபோது கண்ட மாற்றம் மூன்றையும் எமக்கு எழுதுக. மூடியைத் திரும்பப் பூட்டுமுன் றோட்டரை அதன் இடத்தில் வைத்தாயிற்றா என்று பார்க்கவும். அது மேசையில் கிடக்க, பற்றறி தீருமட்டும் ஸ்டார்ட்டரை இழுத்தோர் பலர்.